உழைத்தவருக்கு ஆம், சும்மா வாங்குபவருக்கு இல்லை: சுவிஸ் வாக்கெடுப்புகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2021 செப்டம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுவிட்சர்லாந்து வாக்காளர்கள் முன் ஒரே நாளில் இரண்டு கேள்விகள் வந்தன. ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ளச் சட்டம் அனுமதிக்கலாமா என்பது ஒன்று. முதலீட்டிலிருந்து பெருந்தொகை சம்பாதிப்பவர்களின் வருமானத்தை ஒன்றரை மடங்காகக் கணக்கிட்டு வரி போட்டு, அந்தப் பணத்தைச் சாதாரண மக்களுக்குத் திருப்பலாமா என்பது இன்னொன்று; "99 சதவீதம்" என்ற பெயரில் வந்த முன்மொழிவு அது. முதல் கேள்விக்கு 64.1 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். இரண்டாவதற்கு 64.9 சதவீதம் பேர் இல்லை என்றார்கள்.

பாகுபாடு வேண்டாம் என்று சொன்ன அதே நாட்டு மக்கள், அதே நாளில், ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் வரியையும் வேண்டாம் என்றார்கள். இதை முரண்பாடு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் அங்கே நடந்த வாக்கெடுப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இதற்குள் ஓர் ஒழுங்கு இருப்பது தெரியும். இந்த ஆய்வு அதைப் பற்றியது.

ஏன் சுவிட்சர்லாந்து? ஏற்றத்தாழ்வு பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று மற்ற நாடுகளில் கருத்துக்கணிப்பு எடுத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். கணிப்பில் பதில் சொல்வதற்குச் செலவு எதுவும் இல்லை. "பணக்காரர்-ஏழை இடைவெளி அதிகமா?" என்று கேட்டால், அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம். சுவிஸில் 18 மாதத்தில் 1 லட்சம் கையெழுத்து திரட்டினால் யார் வேண்டுமானாலும் அரசியலமைப்பைத் திருத்தச் சொல்லி மக்களிடமே கேள்வியைக் கொண்டுபோகலாம். வாக்காளர் பெரும்பான்மையும் மாநிலங்களின் பெரும்பான்மையும் சேர்ந்து கிடைத்தால் அது அரசியலமைப்பில் ஏறிவிடும். ஒவ்வொரு வாக்காளருக்கும் அரசின் விளக்கப் புத்தகம் தபாலில் வருகிறது. அதில் செலவுக் கணக்கும் இருக்கும், எதிர்ப்பவர் வாதமும் இருக்கும். படித்துவிட்டுப் போடும் ஓட்டு, சொந்தச் சட்டைப்பையைத் தொடும் ஓட்டு.

கணிப்புக்கும் ஓட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதற்கு 2009 ஒன்றே போதும். மசூதிகளில் புதிதாக மினார் கட்டத் தடை விதிக்கலாமா என்ற கேள்விக்கு, வாக்கெடுப்புக்கு முந்தைய கணிப்பில் 53 சதவீதம் பேர் தடையை எதிர்த்தார்கள், 37 சதவீதம் பேர்தான் ஆதரித்தார்கள். நவம்பர் 29 அன்று பெட்டியைத் திறந்தபோது தடைக்கு 57.5 சதவீத ஆதரவு. முன்பின் தெரியாத ஒருவர் போனில் கேட்கும்போது வாய்க்கு வராத பதில், தனியாக உட்கார்ந்து சீட்டை நிரப்பும்போது கைக்கு வந்துவிட்டது.

மேல்தட்டின் மேல் வந்த கோபம்

தாமஸ் மிண்டர் இடதுசாரி இல்லை. பல்பசை, வாய் கொப்பளிக்கும் நீர் தயாரிக்கும் குடும்ப நிறுவனத்தை நடத்துபவர். சுவிஸ்ஏர் விமான நிறுவனத்துக்குச் சரக்கு கொடுத்துவந்தார். 2001 அக்டோபரில் அந்த நிறுவனம் முடங்கி விமானங்கள் தரையில் நின்றபோது, மிண்டரின் பாக்கிப் பணமும் அதோடு சிக்கிக்கொண்டது. அதே நேரத்தில் சுவிஸ்ஏரின் தலைவருக்கு ஐந்து ஆண்டுச் சம்பளமாக 1 கோடி பிராங்குக்கு மேல் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தது. மிண்டர் கையெழுத்து திரட்டக் கிளம்பியதன் பின்னணி இதுதான். பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனங்களில் தலைமை அதிகாரிகளின் சம்பளத்தைப் பங்குதாரர்களே வாக்களித்து முடிவு செய்ய வேண்டும், வேலைக்குச் சேரும்போதும் விலகும்போதும் கொடுக்கும் பெருந்தொகைகள் கூடாது, மீறினால் சிறை. முன்மொழிவின் சாரம் இவ்வளவுதான்.

அரசு எதிர்த்தது. தொழில் கூட்டமைப்பு பெரும் பணம் செலவழித்துப் பிரசாரம் செய்தது. தபால் ஓட்டுகள் வந்துகொண்டிருந்த 2013 பிப்ரவரியில் ஒரு செய்தி கசிந்தது: நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனத்தின் தலைவர் பதவியிலிருந்து விலகும் டேனியல் வசெல்லாவுக்கு, போட்டி நிறுவனங்களில் சேராமல் இருப்பதற்காக ஆறு ஆண்டுகளில் 7 கோடியே 20 லட்சம் பிராங்க் வரை. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் அவர் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் தொகை மக்கள் மனதில் பதிந்துபோயிருந்தது. மார்ச் 3 அன்று மிண்டரின் முன்மொழிவு 68 சதவீத ஆதரவுடன், எல்லா மாநிலங்களிலும் வென்றது.

இதைப் பார்த்த இளம் சோஷலிஸ்ட்டுகள் (இடதுசாரிக் கட்சி ஒன்றின் இளைஞர் அணி), காற்று தங்கள் பக்கம் வீசுகிறது என்று நம்பினார்கள். அவர்களுடைய முன்மொழிவும் எளிது: ஒரு நிறுவனத்தில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவர் ஒரு வருடத்தில் பெறுவதைவிட அதிகமாக, மேலே இருப்பவர் ஒரு மாதத்தில் பெறக் கூடாது. 1:12. அக்டோபரில் எடுத்த கணிப்பில் ஆதரவும் எதிர்ப்பும் ஏறக்குறைய சமமாக நின்றன. நவம்பர் 24 அன்று 65.3 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை.

ஒன்பது மாதத்துக்குள் இப்படி ஒரு திருப்பம். என்ன நடந்தது? எதிர்ப்பாளர்கள் ஏற்றத்தாழ்வு நல்லது என்று வாதிடவில்லை. அப்படிப் பேசியிருந்தால் தோற்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பெரிய சம்பளங்கள் குறைந்தால் முதியோர் காப்பீட்டுக்கு வரும் சந்தா குறையும், வரி குறையும், நிறுவனங்கள் வெளியேறும், கடைசியில் உங்கள் தலையில்தான் விழும் என்றார்கள். அதோடு, சம்பளத்தை அரசு நிர்ணயிப்பதா என்று கேட்டார்கள். மிண்டரின் திட்டத்தில் அதிகாரம் பங்குதாரருக்குப் போனது. 1:12 திட்டத்தில் அது அரசுக்குப் போனது. முதலாவதில் யார் மீது கோபம் என்பதற்கு ஒரு முகம் இருந்தது. இரண்டாவதில் இருந்தது ஒரு விகிதம் மட்டும்.

இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வசெல்லாவுக்கான பணம் எதற்காக? வேலை செய்யாமல் இருப்பதற்காக. தொகை பெரிதாக இருந்தது எரிச்சலை மூட்டியது உண்மை. ஆனால் அதைத் தாங்க முடியாததாக ஆக்கியது, எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதுதான்.

கீழேயும் அதே அளவுகோல்

2016 ஜூன் 5 அன்று நிபந்தனையற்ற அடிப்படை வருமானம், அதாவது வேலை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் எல்லோருக்கும் அரசு பணம் கொடுக்கும் திட்டம், வாக்கெடுப்புக்கு வந்தது. கையெழுத்துகளை ஒப்படைத்த 2013 அக்டோபர் 4 அன்று, பெர்ன் நகரில் நாடாளுமன்றத்தின் முன் ஆதரவாளர்கள் ஒரு லாரியிலிருந்து 80 லட்சம் ஐந்து-சென்ட் காசுகளைக் கொட்டினார்கள். நாட்டில் ஆளுக்கு ஒரு காசு என்ற கணக்கு. மொத்த மதிப்பு 4 லட்சம் பிராங்க். பொன்னிறக் காசுக் குவியலை மண்வாரியால் தள்ளும் படங்கள் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தன. பெரியவர்களுக்கு மாதம் 2,500 பிராங்க் என்று ஆதரவாளர்கள் பேசினார்கள். முன்மொழிவின் வாசகத்தில் தொகை எதுவும் இல்லை.

முடிவு: 76.9 சதவீதம் இல்லை.

வாக்கெடுப்புக்கு முன் ஆதரவாளர்களே எடுக்கச் சொன்ன ஒரு கணிப்பு இங்கே கவனிக்க வேண்டியது. அடிப்படை வருமானம் வந்தால் வேலையை விட்டுவிடுவீர்களா என்று கேட்டதற்கு, நிச்சயம் விடுவேன் என்றவர்கள் 2 சதவீதம். மற்றவர்கள் விட்டுவிடுவார்களா என்று கேட்டால் சுமார் மூன்றில் ஒருவர் ஆமாம் என்றார். நான் உழைப்பாளி, அடுத்த வீட்டுக்காரன் சோம்பேறி. நலத்திட்டம் பற்றிய பொதுக்கருத்தில் பாதி இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

வசெல்லாவின் 7 கோடியும் இந்த 2,500 பிராங்கும் தொகையில் ஒட்டவே ஒட்டாதவை. வாக்காளரின் பார்வையில் இரண்டும் ஒரே வகை: உழைக்காமல் வருவது. மேலே இருப்பவருக்கு எந்த அளவுகோலோ, கீழே இருப்பவருக்கும் அதே அளவுகோல். இதில் ஒரு நேர்மை இருக்கிறது. அதே சமயம், இரண்டு கோடி, மூன்று கோடி என்று வேலை பார்த்தே சம்பாதிப்பவர்கள் இந்த வலையில் சிக்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

2018 நவம்பரில் இன்னும் வெளிப்படையான சான்று கிடைத்தது. சமூகக் காப்பீட்டில் ஏமாற்றுவதாகச் சந்தேகிக்கப்படுபவர்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் துப்பறிவாளர் வைத்துக் கண்காணிக்கலாம் என்ற சட்டம். பொது இடத்திலிருந்து பார்த்தால் தெரியும் பால்கனியில் நிற்பவரைப் படம் எடுக்கலாமா என்பது வரை விவாதம் போனது. அந்தரங்கத்தை மிகவும் மதிக்கும் நாடு என்று பெயர் வாங்கிய இடத்தில் 64.7 சதவீதம் பேர் சரி என்றார்கள். அந்தரங்கம் வேண்டும்தான், ஆனால் உதவிப் பணம் வாங்குபவருக்கு அது கொஞ்சம் குறைவாக இருந்தால் பரவாயில்லை.

உழைப்புக்கான கூலி என்று வரும்போதாவது மக்கள் தாராளமாக இருந்தார்களா? அதுவும் இல்லை. 2014 மே 18 அன்று மணிக்கு 22 பிராங்க் குறைந்தபட்சக் கூலி என்ற தொழிற்சங்கங்களின் முன்மொழிவை 76.3 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, எல்லோருக்கும் ஆண்டுக்கு ஆறு வார விடுமுறை என்ற முன்மொழிவுக்கும் மூன்றில் இரண்டு பங்கு எதிர்ப்பு. சம்பளத்தையும் விடுமுறையையும் முதலாளியும் தொழிற்சங்கமும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், அரசியலமைப்பில் ஏற்ற வேண்டாம் என்ற பழைய பழக்கம் அங்கே வலுவானது.

கணக்கில் உதைக்கும் வாரிசுரிமை

உழைக்காமல் வருவதைத்தான் மக்கள் வெறுக்கிறார்கள் என்றால், பரம்பரைச் சொத்தின் மேல் வரி எளிதாக வென்றிருக்க வேண்டும். அதைவிட உழைப்பில்லாத வருமானம் எது?

2015 ஜூன் 14 அன்று 20 லட்சம் பிராங்குக்கு மேற்பட்ட சொத்துக்கு 20 சதவீத வாரிசு வரி என்ற முன்மொழிவு வந்தது. வரியில் மூன்றில் இரண்டு பங்கு முதியோர் காப்பீட்டுக்கு. 71 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். சரி, 20 லட்சம் என்பது வீட்டு விலை எகிறிய நாட்டில் பெரிய தொகை இல்லை, அதனால் நடுத்தர வர்க்கம் பயந்திருக்கலாம். 2025 நவம்பர் 30 அன்று வரம்பை 5 கோடி பிராங்காக உயர்த்தி, அதற்கு மேல் 50 சதவீதம் என்று இளம் சோஷலிஸ்ட்டுகள் கேட்டார்கள். அந்த வரம்பை எட்டும் குடும்பங்கள் நாட்டில் மிகச் சில. எதிர்ப்பு குறைய வேண்டும் இல்லையா? 78 சதவீதமாகக் கூடியது.

என் விளக்கம் இது. வாரிசுச் சொத்தை மக்கள் பெறுபவரின் கண்ணால் பார்ப்பதில்லை, கொடுப்பவரின் கண்ணால் பார்க்கிறார்கள். பிள்ளை எதுவும் செய்யவில்லை என்பது உண்மை. அப்பா, அம்மா உழைத்தார்கள், வரி கட்டினார்கள், பிள்ளைக்கென்று சேர்த்தார்கள். அந்த உழைப்பு குடும்பத்துக்குள் கைமாறும்போது அரசு நடுவில் கை நீட்டக் கூடாது. அதோடு 2015 முன்மொழிவில் பின்தேதியிட்டு அமலாகும் பிரிவு இருந்ததும், 2025-ல் பெரும் தொழிலதிபர்கள் நாட்டை விட்டே போவோம் என்று சொன்னதும் சேர்ந்துகொண்டன. பெரும்பாலான மாநிலங்களில் பிள்ளைகளுக்கு வாரிசு வரி ஏற்கெனவே இல்லை என்பதால், இது இல்லாத ஒன்றைப் புதிதாகப் பிடுங்குவதாகவும் தெரிந்திருக்கும்.

வென்ற நலத்திட்டம்

அப்படியானால் சுவிஸ் மக்கள் அரசின் நலத்திட்டங்களையே விரும்பாதவர்களா? முதியோர் காப்பீட்டைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

1931-ல் ஒரு முதியோர் காப்பீட்டுச் சட்டத்தை மக்கள் தோற்கடித்தார்கள். போர் முடிந்தபின், 1947 ஜூலை 6 அன்று, 80 சதவீத ஆதரவுடன் அது வென்று 1948 ஜனவரியில் தொடங்கியது. அதன் அமைப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சம்பளத்தில் 8.7 சதவீதம் சந்தா. முதலாளி பாதி, தொழிலாளி பாதி. சந்தாவுக்கு உச்சவரம்பு கிடையாது. ஓய்வூதியத்துக்கு உண்டு: 2025-ல் முழு ஓய்வூதியம் மாதம் 1,260 பிராங்கிலிருந்து 2,520 பிராங்க் வரை. ஆண்டுக்கு 10 லட்சம் பிராங்க் வாங்குபவர் கணக்கில் 87,000 பிராங்க் போகிறது. ஓய்வு பெற்றபின் அவருக்கு அதே 2,520-தான். அவரைவிடப் பத்தில் ஒரு பங்கு சம்பாதித்தவருக்கும் ஏறக்குறைய அதுவே.

அதாவது, 1:12, 99 சதவீதம், வாரிசு வரி என்று பெயர் சூட்டிக் கேட்டபோதெல்லாம் மறுக்கப்பட்ட பங்கீடு, இங்கே பெரிய அளவில் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. யாரும் இதைப் பணக்காரரிடமிருந்து ஏழைக்குப் போகும் பணம் என்று பேசுவதில்லை. "நான் கட்டினேன், நான் வாங்குகிறேன்" என்பதே பேச்சு.

2016-ல் ஓய்வூதியத்தை 10 சதவீதம் உயர்த்தச் சொன்ன முன்மொழிவு 59.4 சதவீத எதிர்ப்பில் தோற்றது. எட்டு ஆண்டு கழித்து, 2024 மார்ச் 3 அன்று, தொழிற்சங்கங்கள் மறுபடி வந்தன. இந்த முறை சதவீதம் பற்றிப் பேசவில்லை. பதின்மூன்றாவது மாத ஓய்வூதியம் கேட்டார்கள். வேலையில் இருப்பவர் பலருக்கு அங்கே பதின்மூன்றாம் மாதச் சம்பளம் உண்டு. ஓய்வு பெற்றவருக்கு ஏன் இல்லை? கணக்குப் போட்டால் இது 8.3 சதவீத உயர்வு. 58.2 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், மாநிலப் பெரும்பான்மையும் கிடைத்தது. ஓய்வு வயதை 66 ஆக்கும் இன்னொரு முன்மொழிவை அன்றே 74.7 சதவீதம் பேர் தூக்கி எறிந்தார்கள்.

விலைவாசியும் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணமும் ஏறியிருந்தது ஒரு காரணம். கிரெடிட் சுவிஸ் வங்கி இன்னொன்று. 2023 மார்ச்சில் அது விழுந்தபோது, வேறொரு வங்கி அதை வாங்கிக்கொள்ள வசதியாக, ஒரு வார இறுதியில் அவசரச் சட்டத்தின் கீழ் 10,000 கோடி பிராங்குக்கு மேல் அரசு உத்தரவாதம் கொடுத்தது. வங்கிக்கு இருக்கும் பணம் எங்களுக்கு மட்டும் இல்லையா என்ற கேள்வியைப் பிரசாரத்தில் அடக்கவே முடியவில்லை. எதிர்த் தரப்பு தேவையில்லாமல் ஒரு தப்பும் செய்தது. முன்னாள் அமைச்சர்கள் ஐந்து பேர் கையெழுத்திட்ட கடிதம், நாட்டின் நிதிநிலையை எண்ணிப்பார்த்து இதை நிராகரியுங்கள் என்று மக்களைக் கேட்டது. அவர்களுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் பிராங்குக்கு மேல் ஓய்வூதியம் என்பதை எழுதாத பத்திரிகை இல்லை.

தேவையுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பூவாளியால் ஊற்றுகிறீர்கள் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னது பொருளாதாரக் கணக்கில் சரிதான். வசதியான முதியவருக்கும் அந்தப் பதின்மூன்றாம் மாதம் போகும். ஆனால் ஏழை முதியவருக்கு மட்டும் என்று குறுக்கியிருந்தால் அது உதவித்தொகை ஆகியிருக்கும், துப்பறிவாளரும் பின்னாலேயே வந்திருப்பார். எல்லோருக்கும் என்றதால் அது உரிமையாகவே இருந்தது.

யாருக்குத் தகுதி

தகுதி என்று பேச ஆரம்பித்தால் பாகுபாட்டை ஒதுக்கிவைக்க முடியாது. 1959-ல் ஆண்கள் மட்டும் வாக்களித்து, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று 66.9 சதவீதம் பேர் முடிவு செய்தார்கள். 1971-ல் 65.7 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தின் ஆண்கள் 1990 வரை மாநிலத் தேர்தலில் பெண்களைச் சேர்க்க மறுத்து, உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே வழிவிட்டார்கள். மகப்பேறு காப்பீடு 1945 முதல் அரசியலமைப்பில் இருந்தது. நடைமுறைக்கு வர அறுபது ஆண்டு ஆயிற்று. 1999-ல் வேலைக்குப் போகாத தாய்மாருக்கும் சேர்த்துக் கேட்டார்கள், தோற்றது. 2004-ல் வேலைக்குப் போகும் தாய்மாருக்கு மட்டும், 14 வாரம், சம்பளத்தில் 80 சதவீதம் என்று கேட்டார்கள், வென்றது. ராணுவப் பணிக்குப் போகும் ஆண்களின் சம்பள இழப்பை ஈடுகட்டும் நிதியிலிருந்து இதற்குப் பணம். அந்த நிதிக்குப் பெண்களும் பல காலமாகச் சந்தா கட்டிவந்தார்கள். மறுபடியும் அதே தர்க்கம்: கட்டியவருக்குக் கிடைக்கும்.

ஆனால் வெளியிலிருந்து வந்தவர் விஷயத்தில் உழைப்பு போதவில்லை. லூசர்ன் மாநிலத்தின் எம்மன் நகரில் 2000 மார்ச்சில், குடியுரிமை கேட்ட ஒவ்வொருவரின் பெயரும் வாக்குச்சீட்டில் வந்தது. விண்ணப்பதாரரின் தொழில், குடும்பம், பொழுதுபோக்கு எல்லாம் அச்சிட்ட தாள் வீடு வீடாகப் போனது. இத்தாலியர்களுக்குச் சம்மதம் கிடைத்தது. முன்னாள் யுகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள் நிராகரிக்கப்பட்டார்கள். 2003-ல் உச்ச நீதிமன்றம் இந்த முறையே அரசியலமைப்புக்கு முரண் என்றது: காரணம் சொல்லாமல் ரகசிய ஓட்டில் ஒருவரை நிராகரிக்கக் கூடாது.

யென்ஸ் ஹைன்முல்லர், டொமினிக் ஹாங்கார்ட்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 1970 முதல் 2003 வரை இப்படி ஓட்டுக்கு வந்த சுமார் 2,400 விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தார்கள். மற்றத் தகுதிகள் ஒத்திருந்தும், யுகோஸ்லாவியா, துருக்கி நாட்டவருக்கு நிராகரிப்பு விகிதம் வசதியான ஐரோப்பிய நாட்டவரைவிட சுமார் 40 சதவீதம் கூடுதல். மொழி எவ்வளவு தெரியும் என்பதுகூட இதன் பக்கத்தில் பெரிதாக எடுபடவில்லை. முடிவெடுக்கும் பொறுப்பு பொதுமக்களிடமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களுக்கு மாறிய ஊர்களில் குடியுரிமை பெறும் விகிதம் சுமார் 60 சதவீதம் உயர்ந்ததாகவும் அவர்கள் பின்னர் காட்டினார்கள். மன்ற உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் பரந்த மனம் கொண்டவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. நிராகரித்தால் அவர்கள் காரணம் எழுத வேண்டியிருந்தது.

ஆக, உழைத்தவருக்கு உண்டு என்ற விதியும் "நம்மவர்" என்ற வட்டத்துக்குள்தான் வேலை செய்கிறது. 2021-ல் திருமண உரிமை கேட்டவர்கள் அந்த வட்டத்துக்குள் இருந்தார்கள், அக்காள் மகனாக, அலுவலக நண்பராக. அவர்களுக்கு உரிமை கொடுப்பதில் யாருக்கும் செலவும் இல்லை.

இந்த ஆய்வின் பெரிய ஓட்டையும் அந்த வட்டத்தில்தான் இருக்கிறது. நாட்டில் வசிப்பவரில் நான்கில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர்; கூட்டாட்சி அளவில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. ஹோட்டல் சமையலறை, கட்டுமானம், துப்புரவு என்று குறைந்த கூலி வேலைகளில் அவர்கள்தான் அதிகம். 22 பிராங்க் கூலியை மக்கள் நிராகரித்தார்கள் என்றால், அந்தக் கூலி யாருக்கு மிகவும் தேவைப்பட்டதோ அவர்களில் பலர் அந்த "மக்கள்" கணக்கிலேயே இல்லை. இருப்பவரிலும் பாதிப்பேர்தான் வழக்கமாக வாக்களிக்கிறார்கள்.

வட்டம் கொஞ்சம் விரியும் தருணங்களும் உண்டு. 2020 வசந்தத்தில் கொரோனா முடக்கத்தின்போது ஜெனீவாவில், ஒரு பனிச்சறுக்கு அரங்கத்தின் வெளியே, சுமார் 20 பிராங்க் மதிப்புள்ள மளிகைப் பைக்காக ஆயிரக்கணக்கானோர் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். வீட்டு வேலை செய்தவர்கள், ஹோட்டலில் தட்டு கழுவியவர்கள். உலகின் பணக்கார நகரங்களில் ஒன்றில் அப்படி ஒரு வரிசையை யாரும் எதிர்பார்க்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஜெனீவா மாநிலம் மணிக்கு 23 பிராங்க் குறைந்தபட்சக் கூலியை 58 சதவீத ஆதரவுடன் ஏற்றது. முன்பு மறுத்த மாநிலம் அது. வரிசைதான் ஓட்டை மாற்றியது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் உழைப்பவர்களே வரிசையில் நின்றதை ஊர் பார்த்துவிட்டது.

பதின்மூன்றாம் மாத ஓய்வூதியம் முதல் தடவையாக 2026 டிசம்பரில் கைக்கு வரும் என்று முடிவானது. ஆண்டுக்கு 400 கோடி பிராங்குக்கு மேல் செலவு. அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று வாக்குச்சீட்டில் கேட்கப்படவில்லை. மதிப்புக்கூட்டு வரியை உயர்த்தினால் கடையில் பொருள் வாங்கும் எல்லோர் கையையும் கடிக்கும், ஏழையின் கையைக் கூடுதலாகவே. சம்பளச் சந்தாவை உயர்த்தினால் இப்போது வேலையில் இருக்கும் இளையவர்கள் கட்ட வேண்டும். அரசு மதிப்புக்கூட்டு வரியைக் கையிலெடுத்தது, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. மதிப்புக்கூட்டு வரியை உயர்த்த அரசியலமைப்பையே திருத்த வேண்டும் என்பதால், அந்த வழியில் போனால் இன்னொரு வாக்கெடுப்பு கட்டாயம்.